ஒன்றாம் வகுப்பில் சேர வந்த மீசைகள்

ஒன்றாம் வகுப்பில் சேர வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மீசை இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஐம்பது ஆம்பிளைகள். கையில் ரேஷன் கார்டு, சாதிச் சான்று. ஒருத்தர் கையில் சட்டம் போட்ட கல்யாணப் போட்டோ. போட்டோ கேட்பார்கள் என்று யாரோ சொன்னார்களாம். வீட்டில் இருந்தது அது ஒன்றுதான், ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்!

"டீச்சர், எம் பேரை மொதல்ல எழுதுங்க. கோழி கூவறப்பவே வந்து குந்திகினு இருக்கேன்" என்றார் கோவிந்தசாமி மாமா.

விஜயா டீச்சர் கூட்டத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏழுமலை, லெட்டர்ல இருந்ததைத்தான படிச்ச?"

"ஆமாங்க டீச்சர்."

பொய்.

நான் பத்தாவதில் கணக்கில் பதினேழு மார்க் வாங்கிவிட்டு வீட்டில் இருப்பவன். வீட்டில் இருப்பவன் என்றால் ஊருக்கே வேலையாள் என்று அர்த்தம். டீச்சர் சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். எங்கள் ஊர் கல்வராயன் மலை அடிவாரத்தில், பஸ் திரும்பிப் போகிற இடம். அவர் கொடுத்த வேலை ரொம்பச் சின்னது. பெற்றோர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதை வீடு வீடாகப் போய்ப் படித்துக் காட்ட வேண்டும்.

பள்ளிக்கூடம் திறக்கிறது. ஐந்து வயசுப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். சாதிச் சான்று இருந்தால் எடுத்து வாருங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவ்வளவுதான் கடிதம்.

"ஒரு எழுத்து கூட்டாத, கொறைக்காத. படிச்சிட்டு அடுத்த வூட்டுக்குப் போய்க்கினே இரு. ஒண்ணாவதுல இதுவரைக்கும் அஞ்சு பேருதான். மாசக் கடைசியில ஆபீசர் வந்து தலை எண்ணுவாரு. பதினெட்டு இல்லன்னா சின்ன சாரை வேற ஊருக்கு மாத்திடுவாங்க. அப்பால அஞ்சு கிளாசையும் நான் ஒருத்தியே மேய்க்கணும்."

படித்தேன். முதல் வீட்டில் ஒழுங்காகவே படித்தேன்.

"புள்ள ஆடு மேய்க்கப் போயிருக்குது" என்றார்கள்.

இரண்டாவது வீட்டில் நிலக்கடலை போட்டிருந்தார்கள். "மல்லாட்டைக் கொல்லையில களை எடுக்க ஆள் கம்மி. அடுத்த வருஷம் பாக்கலாம்."

மூன்றாவது வீட்டில் காதே கொடுக்கவில்லை. நாலு பேர் உட்கார்ந்து இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எத்தனை சதவீதம் கிடைக்கும், யாருக்கு வேலை கிடைக்கும் என்று. நான் பாட்டுக்கு "அன்புள்ள பெற்றோர்களே" என்று கத்திக்கொண்டு நிற்கிறேன். ஒரு நாய்தான் கேட்டது.

எனக்குப் பொறுமை கிடையாது. உள்ளதைச் சொல்கிறேன். பத்தாவதிலும் அதனால்தான் போனது.

நாலாவது வீடு கோவிந்தசாமி மாமா வீடு. கடிதத்தை மடித்துவிட்டு, "மாமா, நாளைக்கு ஸ்கூல்ல பேர் எழுதறாங்க. சாதி சர்டிபிகேட் கொண்டாங்க" என்றேன்.

மாமா நிமிர்ந்தார். "இன்னாத்துக்குடா பேர் எழுதறாங்க?"

"பின்னாடி வேலைக்கு ஒதவும்."

இது பொய் இல்லை. படித்தால் வேலைக்கு உதவும் என்று டீச்சரே எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! யார் பெயர், எத்தனை வருஷம் பின்னாடி என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. மாமாவும் கேட்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

நான் மேலத்தெருவுக்குப் போவதற்குள் சேதி எனக்கு முன்னால் போய்விட்டது. தங்கவேலு அண்ணன் என்னை நிறுத்தி எனக்கே சொன்னார்.

"டேய், தெரியுமா? கோட்டாவுல வேலைக்கு நாளைக்கு ஸ்கூல்ல பேர் எழுதறாங்களாம். மொதல்ல வர்றவனுக்குத்தானாம். டீச்சரே வூடு வூடா வந்து சொன்னாங்களாம்."

திருத்தியிருக்கலாம். இன்னும் இருபது வீடு பாக்கி இருந்தது. வெயில் வேறு ஜாஸ்தி. கிணற்றில் நீச்சல் அடிக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில்தான் இந்த மீசைக் கூட்டம்.

"இது புள்ளைங்கள சேக்கறதுக்குங்க" என்றார் டீச்சர்.

யாரும் நம்பவில்லை. "வேணுங்கறவங்களுக்கு உள்ளுக்குள்ள எழுதிட்டு, எங்களை வெரட்டப் பாக்கறாங்கடா!"

டீச்சருக்குக் கோபம் வந்தது. "ஒண்ணாவதுல சேர்றதுன்னா தலைக்கு மேல கையைப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடணும். தெரியுமில்ல?"

"இதோ தொடுது டீச்சர்!" கோவிந்தசாமி மாமா தொட்டே காட்டினார். பின்னாலேயே ஐம்பது கைகள் தலைக்கு மேல் போயின.

அந்த நேரம் பார்த்து போலீஸ் ஜீப் வந்து நின்றது.

போராட்டக் காலம். ரோட்டோரம் பத்துப் பேர் நின்றாலே மறியல் என்று ஜீப் வந்துவிடும். இங்கே ஐம்பது பேர். பக்கத்தில், போன வருஷம் மறியலுக்கு மரங்களை ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போட்டதில் தப்பித்த ஒரே புளியமரம். போதாததற்கு, விறகு வெட்டப் போகிற வழியில் வந்த ஒருத்தர் தோளில் கோடாலி!

"யாருடா கூட்டம் சேத்தது?" என்றார் எஸ்.ஐ.

ஐம்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

டீச்சர்தான் முன்னால் வந்தார். "பெற்றோர் கூட்டம் சார். வருஷ ஆரம்பத்துல கூப்பிட்டு வெவரம் சொல்றது."

"இந்த ஊர்ல இவ்ளோ அக்கறையா? சரி, புள்ளைங்க எங்க? புள்ளை இல்லாதவன்லாம் ஜீப்புல ஏறு."

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை! கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தது, ஆட்டோடு போனது, தூளியில் தூங்கியது, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பையனுக்கு இரண்டு அப்பா. இன்னொருத்தர் தூக்கி வந்தது ஏற்கெனவே மூன்றாவது படிக்கிற பையன். கோவிந்தசாமி மாமா தன் பேரனுக்குக் கை எட்டவில்லை என்று காதை மேலே இழுத்து விரலில் மாட்டப் பார்த்தார்.

கல்யாணமே ஆகாத தங்கவேலு அண்ணன் இடுப்பில் ஒரு பெண் குழந்தை.

"இவரு யாரு பாப்பா?" என்றார் எஸ்.ஐ.

"எங்க கொல்லையில மல்லாட்டை புடுங்கித் துன்றவரு."

எஸ்.ஐ.க்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கடைசிப் பெயர் எழுதும் வரைக்கும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் காட்டி, "இவன் யாரு?" என்றார்.

"லெட்டர் படிக்க நான் அனுப்பின ஆளு சார்."

"ஒழுங்காப் படிச்சானா?"

"இருந்ததுக்கு மேலயே படிச்சான் சார்."

ஜீப் போனது. டீச்சர் பதிவேட்டை எண்ணினார். ரொம்பச் சின்னதுகளைக் கழித்து, மூன்றாவது படிக்கிறவனைக் கழித்து, பழைய ஐந்தோடு சேர்த்துப் பத்தொன்பது. இரண்டாவது தடவை எண்ணினார். அப்போதும் பத்தொன்பதுதான். சின்ன சார் மூஞ்சியில் அப்போதுதான் ரத்தம் ஓடியது.

சாயங்காலம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு இன்னொரு கடிதம் கொடுத்தார். 'இன்று காலை எழுதியது பள்ளியில் சேர்க்கும் பிள்ளைகளின் பெயர் மட்டுமே. வேலைக்கான பதிவு அல்ல.'

"வூடு வூடாப் போய்ப் படி. ஏமாத்திச் சேத்ததா இருக்கக் கூடாது."

"டீச்சர், இதைப் படிச்சா நாளைக்கே புதுசா வந்த பதினாலும் மல்லாட்டைக் கொல்லைக்குப் போயிடும்."

டீச்சர் பதிவேட்டை மூடினார். "சொன்னதைச் செய். கூட்டாத, கொறைக்காத."

பத்து நாள் ஆகிறது. சத்தியமாக ஒரு எழுத்து கூட்டவில்லை, ஒரு எழுத்து குறைக்கவில்லை. கடிதத்தை இன்னும் சட்டை ஜோபியை விட்டே எடுக்கவில்லை.