மூன்று பேர் நின்றால் நீ எழு

அடுத்து என்ன ஆகும் என்று பார்க்கிற ஆசை எனக்கு ஒரு வியாதி. அது ஒரு வேலையையே தின்றிருக்கிறது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த எம்.எஸ்சி. நான். ஊருக்குள்ளேயே ஒரு கல்லூரி, விரிவுரையாளர் வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டது. (கிடைத்தே விட்டதாக அப்பா எங்கள் குருசுக்குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டார்.)

மற்றவர்கள் போர்டில் எழுதிப் பிழைத்துக்கொண்டார்கள். எனக்கோ, அக்கம்பக்கத்தைப் பார்த்துக் கட்டங்கள் உயிர் பெற்றுச் சாகும் செல்லுலார் ஆட்டோமேட்டா என்ற கணக்கு விளையாட்டின் மேல் பித்து. அதிலும் கட்டங்களுக்குள் மாறி மாறித் துடிக்கும் ஆஸிலேட்டர்கள் மேல். நாற்காலிகளை ஆறுக்கு ஆறு போட்டு மாணவர்களை உட்காரவைத்தேன். நிற்பவர் உயிர், உட்கார்ந்தவர் சாவு. சுற்றியுள்ள எட்டு நாற்காலிகளில் சரியாக மூன்று பேர் நின்றால் நீ எழு. ஏற்கெனவே நிற்பவருக்கு இரண்டு பேர் துணையும் போதும். மற்றபடி உட்கார். நான் கைதட்டும்போது எல்லோரும் ஒரே நேரத்தில்.

நடுவில் மூன்று பேரை வரிசையாக நிறுத்தித் தட்டினேன். ஓரத்து இருவர் அமர, நடுவில் நின்றவனுக்கு முன்னும் பின்னும் இருவர் எழுந்தார்கள். மறுபடி தட்டினேன், பழைய வரிசை. படுத்த கோடு நிமிர்ந்தது, நிமிர்ந்த கோடு படுத்தது, வகுப்பறைக்கே நாடி ஓடியது. (எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு அசடு.)

அப்போது பிரின்சிபால் உள்ளே வந்தார். மரியாதைக்கு முப்பத்தாறு பேரும் எழுந்தார்கள். அவர் உட்காரச் சொல்வதற்குள், கதவோர மூலையிலிருந்த பெண் கேட்டாள்: "சார், பிரின்சிபால் சாரையும் கணக்குல சேர்க்கணுமா?"

நியாயமான சந்தேகம். சேர்த்தால் அவளைச் சுற்றி நாலு பேர் ஆகிவிடும். புத்தியுள்ளவன் அங்கேயே பாடத்தை நிறுத்தியிருப்பான். எனக்கோ, எல்லோரும் நின்றால் அடுத்து என்ன என்ற குறுகுறுப்பு.

"அவரு கட்டத்துக்கு வெளிய நிக்கிறாரும்மா. செத்தவரா எடுத்துக்கோ" என்று சொல்லித் தட்டினேன்.

நெரிசலில் செத்து முப்பத்திரண்டு பேர் பொத்தென்று உட்கார்ந்தார்கள். நாலு மூலையில் நாலு பேர் மட்டும், காற்றுக்குத் தப்பிய நாலு சுடராக. பிரின்சிபால் என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு இன்னொரு முறை தட்டினேன். துணையில்லாத அந்த நாலு பேரும் அடங்கினார்கள்.

"எல்லாரும் போயிட்டாங்க சார்" என்றேன், பூரித்துப்போய்.

"நீங்களும் போகலாம்" என்றார்.

திங்கட்கிழமை மறுபடி டேப். இதை வீட்டில் சொன்னதுதான் பெரிய தப்பு. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வறுபடும்போது நான் ஏதோ யோசனையில் வாசலில் நின்றுவிட்டால், அப்பாவுக்கு எத்தனை துண்டு என்று மகள் கேட்பாள்.

"அவரு கட்டத்துக்கு வெளிய நிக்கிறாரு" என்பாள் மனைவி. (தாலி கட்டிக்கொண்டவள், அதற்கு மேல் சொல்லமாட்டாள்.)

மீதி இரண்டு வார்த்தையை மகள் சொல்லி, என் துண்டையும் எடுத்துக்கொள்வாள்.