மேயர் நாற்காலியில் மட்டும் அமைதி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு நிகழ்ந்த மாபெரும் சாதனை, ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் எங்கள் வாரபின் நகரசபைக் கூடத்தில், மேயரின் மேசை மேல் நிகழ்ந்தது. நிகழ்த்தியவன் அடியேன். ஒலியியல் 'நிபுணன்'.

கூடத்தின் கூரையில் ஒரு ராட்சத விசிறி. இந்த வெயிலில் அது நின்றால் சபையும் நின்றுவிடும். சுழன்றாலோ அதன் இரைச்சலில் பின்வீட்டு லெசியெலிக்குத் தூக்கம் கிடையாது. முதியோர் இல்லத்தில் அவளுக்கு இரவு வேலை. பகலில்தான் படுக்க வேண்டும்.

"தூக்கக் கலக்கத்துல நேத்து காரை வேலியில இடிச்சுட்டேன். அடுத்து யார் மேல ஏத்துவேனோ!" என்று புகார் சொன்னாள்.

மேயர் மர்ரே டல்லக் என்னை அழைத்தார். நான் தொண்டையைச் செருமினேன்.

"சத்தம்னா அலைதான் மேயர். அது மேடா வரும்போது, எதிர்ல அதே அளவு பள்ளத்தை அனுப்பணும். ரெண்டும் சேர்ந்தா சமதரை."

"அப்போ சத்தத்தைச் சத்தத்தாலேயே அடிக்கிறியா?"

"முள்ளை முள்ளாலதானே எடுக்கணும்!"

சபையினர் கைதட்டினார்கள். பள்ளத்தை அனுப்ப ஒலிபெருக்கி வைத்தேன். மிச்ச இரைச்சலை ஒட்டுக்கேட்டு அதைத் திருத்த ஒரு மைக்கும் வேண்டும். மைக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அமைதி பிறக்கும். எங்கே வைப்பது? தேநீரும் லாமிங்டன் கேக்கும் இருந்த மேயரின் மேசை எனக்கு வசதியாகப் பட்டது.

வெற்றி! மேயர் தம் பேச்சைத் தாமே முதல்முறையாகத் தெளிவாகக் கேட்டார். லேசாக அதிர்ந்தும் போனார்.

ஒரே ஒரு சிறு குறை. மேசையில் மேடும் பள்ளமுமாகச் சந்தித்த அலைகள், லெசியெலியின் படுக்கையறையில் மேடும் மேடுமாகச் சந்தித்தன. அங்கே இரைச்சல் இரட்டிப்பு. இது இயற்கையின் சதி. என்னைக் கேட்டு நடந்ததல்ல.

மறுநாள் தலையணையும் கையுமாகக் கூட்டத்துக்கு வந்துவிட்டாள்.

"மர்ரே, அந்த மைக்கை என் கட்டில் பக்கம் வெச்சா அமைதி அங்க வருமா, வராதா?"

மேயர் என் பக்கம் திரும்பினார். "வருமாய்யா?"

வரும். கம்பியை நீட்டி, கொஞ்சம் திருகினால் போதும். அது எனக்குத் தெரியும். மேயரின் முகக்குறிப்பும் தெரியும்.

"இது... பல்துறை ஆய்வுக்குரிய விஷயம்," என்றேன்.

லெசியெலி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எதுக்கு மேயர் இவ்வளவு மெஷினு? உண்மை தெரிஞ்ச ஆளு ஒருத்தரைப் பக்கத்துல உக்கார வெச்சா போதுமே, சத்தமே வராது!"

அதை என் திறமைக்குக் கிடைத்த பாராட்டாகச் சபை ஒருமனதாகப் பதிவு செய்தது. முதலில் கை தூக்கியவன் நான்தான்.