வில்வண்டியில் ஷாக் தேடியவர்

வெட்கம் என்கிற சமாச்சாரத்தை ஷாக்கு நைனாவுக்கு வைக்கக் கடவுள் மறந்தேவிட்டார். அவர் பங்கையும் சேர்த்து என் தலையில் கட்டிவிட்டார். யுத்த காலத்தில், ஆவடிப் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் அவர் மெக்கானிக், நான் குமாஸ்தா. அவர் எதையாவது செய்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். தலை குனிந்து நிற்பது நான்.

காடு மேடெல்லாம் அடிபட்டு வரும் ராணுவ லாரிகளின் ஸ்டியரிங்கும் ஷாக்கும் அவர் பொறுப்பு. ஷாக் என்பது வண்டி குதிப்பதை அடக்குகிற, எண்ணெய் ஊற்றிய இரும்புச் சாமான். அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, தோல் வாஷரை மாற்றி மாட்டுவார். பிறகு பம்பர் மேல் ஏறி ஒரு மிதி. லாரி ஒரு தரம் தாழ்ந்து எழுந்து அப்படியே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஆடினால் மறுபடியும் பிரித்துவிடுவார். ஸ்டியரிங் மூட்டுகளை விரலால் பிடித்து, ஆட்டம் இருக்கிறதா என்று அசைத்துப் பார்ப்பார்.

பட்டறையோடு நின்றிருந்தால் தேவலை. டீக்கடை பெஞ்சு, அடுத்தவர் வீட்டுக் கட்டில், எதையும் ஒரு அமுக்கு அமுக்காமல் உட்காரமாட்டார். பட்டறைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை வேலையை மெச்சிக் கை கொடுத்தார். நைனா அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துவிட்டு, "லேசா ஆட்டம் கீது" என்றார். துரை என்னைப் பார்த்தார். ரொம்ப நன்றி சொல்கிறார் என்று மொழிபெயர்த்தேன். காது மடல் எரிந்தது.

அப்பேர்ப்பட்டவரைப் பெண் பார்க்கக் கூட்டிப்போகலாமா? எனக்கு அப்பா இல்லை. பெரிய மனுஷர் என்று ஒருவர் வேண்டாமா என்று அம்மா அவரை அழைத்துவிட்டாள். முன்னால் பார்த்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அம்மா படுத்தே விடுவாள். கையை மடியை விட்டு எடுக்காதீர்கள் என்று பெண்ணின் ஊரான வெள்ளானூர் போய்ச் சேரும்வரை அவரைக் கெஞ்சினேன்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பெண் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. அவள் அப்பா, நிலபுலம் உள்ள மனிதர், வாசலில் நின்ற புது வில்வண்டியைக் காட்ட எங்களை அழைத்துப்போனார். மகளை அதில்தான் அனுப்பப்போகிறாராம். அவ்வளவுதான், நைனா வண்டியின் பின்பக்கத்தை ஓர் அமுக்கு அமுக்கினார். வண்டி ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. நைனாவின் முகம் இருண்டது. நான் பிடிப்பதற்குள் சலவை வேட்டியோடு வண்டிக்கு அடியில் புகுந்துவிட்டார்.

"ஷாக்கையே காணோம்பா. எவனோ கழட்டிகினு பூட்டான்."

வெளியே வந்து, சாணியைத் துடைத்துக்கொண்டு, கூடியிருந்த உறவினர் ஒவ்வொருவரையும் சந்தேகமாகப் பார்த்தார்.

பெண்ணின் அப்பாவுக்கு ஷாக் என்றால் என்னவென்று தெரியாது. திருட்டு என்றால் தெரியும். "எங்கூட்ல திருட்டுப்பய எவனும் கெடையாது. நீங்க பொறப்படலாம்" என்றார். மானம் கப்பலேற, அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள்.

வழியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: மாட்டு வண்டிக்கு வில் மட்டும்தான், ஷாக் கிடையவே கிடையாது. அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். "அப்ப உன் கண்ணாலத்த நான்தான் கெட்த்துட்டனா?" என்றார். அந்த முகத்தில் வெட்கத்தை அன்றுதான் பார்த்தேன். அதன்பின் பட்டறையில் என்னைக் கண்டால் ஸ்டியரிங் ராடுக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார். பார்க்கவே சகிக்கவில்லை.

பிறகு வெள்ளானூரிலிருந்து ஆள் வந்தது. பெண் இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லையாம். கட்டினால் இந்த இடம்தான் என்கிறாளாம். அப்பாவும் இறங்கி வந்துவிட்டார். ஒரே நிபந்தனை, அந்த ஆள் வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

கல்யாணம் முடிந்து அதே வண்டியில் எங்கள் வீட்டுக்குப் புறப்பட்டோம். சாலை முழுக்கப் பள்ளம். நைனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட, என் மனைவியின் தலை கூண்டில் இடித்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த மாமனாரிடம் ஓடினார்.

"அண்ணாத்தே, அடியில போவல. பின்னால கைய மட்டும் வெச்சுக்கட்டா?"

மாமனார் தலையசைத்தார். ஷாக் இல்லாத அந்த வண்டியை வீடு வரைக்கும் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார் நைனா. வழியில் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். எனக்கு அன்று வெட்கமாகவே இல்லை, பெருமையாக இருந்தது.