காரணம் மறந்த கோபம்

பதுளை,
ஜூலை 14.

மொனராகலையில் ரப்பர் புகைக்கூடத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கும் அன்பு மச்சான் றிச்சர்ட் அவர்களுக்கு, உங்கள் அக்கா புருஷன் மரியநாயகம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தேவமாதாவின் புண்ணியத்தில் எனக்கு மூட்டுவலி மட்டும்தான். அங்கே அதுவும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். நத்தார் பண்டிகைக்கு வந்தபோது நீங்கள் விட்டுப்போன கம்பளிச் சட்டையை இந்தக் குளிருக்கு நான்தான் போட்டுக்கொள்கிறேன். உங்கள் பொருள் இருந்தபடியே திரும்ப வர வேண்டும் என்று இன்னும் துவைக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், மூளைக்காய்ச்சலில் கிடந்து வீடு திரும்பிய உங்கள் அக்கா செசிலி லயத்து வரிசை வீடுகளில் எல்லாரையும் பார்த்துச் சிரிக்கிறாள், என்னைத் தவிர. பக்கத்தில் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எதுக்கு வந்த? போ அங்கிட்டு" என்கிறாள். முப்பத்துநாலு வருஷமாக வாங்க, போங்க என்று கூப்பிட்ட வாய், மச்சான்! டாக்டர் மதுஷாவிடம் போய் அழாத குறையாகக் கேட்டேன். அந்த அம்மா கிளினிக் அட்டையின் பின்பக்கம் மூளையைப் படம் போட்டுக் காட்டினார். நடுவில் லிம்பிக் தொகுதி என்று ஒன்று இருக்கிறதாம். அதில் நடந்ததைச் சேர்த்து வைக்கிற இடம் ஹிப்போகாம்பஸ், பயத்தையும் கோபத்தையும் கவனிக்கிற இடம் அமிக்டலா. நம் லயத்துக் காம்பராக்கள் மாதிரி அடுத்தடுத்த வீடு. காய்ச்சல் முதல் வீட்டைத்தான் சேதப்படுத்தியிருக்கிறது. "நடந்தது மறந்து போயிருக்குங்க. ஆனா அது தந்த கோபம் அப்புடியே இருக்கும். வாசனை நேரா அந்தப் பக்கந்தான் போகும், தெரிஞ்ச வாசனை எதையாச்சும் காட்டிப் பாருங்க" என்றார்.

கொரோனாவில் என் மூக்கு போனது உங்களுக்குத் தெரியும். கொழுந்து பதமாகிவிட்டதா என்று தேயிலைத் தொழிற்சாலையில் மோந்தே சொன்ன மூக்கு, இப்போது கருவாடு கருகினாலும் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இருந்தாலும் கறுவாப்பட்டை, சாம்பிராணி, வெலிமடை லீக்ஸ், கேக் என்று ஒவ்வொன்றாக அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். எல்லாவற்றையும் தட்டிவிட்டாள். அதே கேக்கைப் பக்கத்துக் காம்பரா விதுஷா கொடுத்தால், "வா புள்ள" என்று வாங்கித் தின்கிறாள்.

அப்படியானால் நான் எப்போதோ செய்த குற்றம்தான் என்று முடிவு செய்தேன். எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போனது, உங்கள் அம்மாவின் படத்தை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டது, அவள் பின்னிய தொப்பியை வேண்டுமென்றே ரயிலில் விட்டு வந்தது. பாதிரியாரிடம்கூடச் சொல்லாதவை. வாயைப் பிளந்து கேட்டாள். மறுநாள் ஒன்றும் ஞாபகமில்லை, கோபம் மட்டும் இருந்தது. திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அவள் மறந்தாலும் லயத்துப் பன்னிரண்டு காம்பராவும் மறக்கவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள், "பூனை சொகமா இருக்குதுங்களா?" என்று கேட்கிறார்கள்.

சிரிக்க வேண்டாம் மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. என் பேரை மறந்தால் பொறுத்துக்கொள்வேன். நான் தந்த கோபம் மட்டும் மிஞ்சி, இத்தனை வருஷத்துச் சந்தோஷம் ஒன்றும் மிஞ்சவில்லையா என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஆகவே, என்னைப் பற்றி அவள் உங்களிடம் ஏதாவது குறை சொல்லியிருந்தால் ஒளிக்காமல் எழுதவும். நேரில் வர வேண்டாம். கோழிக்கறியில் உப்புக் கூடிவிட்டது என்று நத்தார் சாப்பாட்டில் நீங்கள் பாதியில் எழுந்து போனதும், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட வராததும் அவளுக்கு ஞாபகமில்லை. அதைக் கிளறாமல் இருப்பது நல்லது.

தங்கச்சிக்கும் மகன் ஜேசனுக்கும் எங்கள் ஆசீர்வாதம். ஆண்டவர் உங்கள் மரங்களில் பாலையும் எங்கள் காம்பராவில் சமாதானத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
காரணம் தெரியாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்
மரியநாயகம்.

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடவும். கடித உறையை ஒட்டும்போது பசை உங்கள் சட்டையில் கொட்டிவிட்டது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். "எங்க போயிருந்தீங்க இம்புட்டு நாளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுவிட்டேன். விதுஷா சட்டையை எடுத்து மோந்துவிட்டு, "மாமா, ஒரே ரப்பர் பொகை நாத்தம், உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். செசிலியிடம் நீட்டினோம். "எதுக்கு வந்த? போ அங்கிட்டு" என்று சட்டையைத் திட்டினாள். ஆக, உங்கள் ஒரு பாவத்துக்கு என் மொத்தப் பாவத்தையும் ஊரறியச் சொல்லியிருக்கிறேன். சரி, துவைத்து அனுப்பலாம் என்று கை வைத்தால் தர மறுக்கிறாள். திட்டிக்கொண்டே மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நீங்களே வந்து கேட்டு வாங்கிக்கொள்ளவும். புகைக்கூடத்திலிருந்து அப்படியே பஸ் ஏறுங்கள், குளித்துவிட்டு வர வேண்டாம்.