கூரையில் மாட்டிய காலண்டர்

ஒரு காட்டில், எல்லாமே சட்டப்படி நடக்கும் ஒரு காட்டில், சென்னியப்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். சட்டப்படி நடக்கும் காடு என்றால் சும்மா இல்லை. அங்கே புலி அடித்தால்கூட ரசீது கொடுத்துவிட்டுத்தான் அடிக்கும்.

சென்னியப்பனுக்கு ஒரே ஒரு கவலை. போன ஐப்பசி மழையில் அவன் வளைக்குள் வெள்ளம் புகுந்து, பெண்டாட்டி பாவாயி பெற்றுப் பத்தே நாளான இரண்டு குட்டிகளையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. நிவாரணத்துக்கு மனுக் கொடுக்கப் போனால், குட்டிகளை நேரில் கொண்டுவந்து காட்டினால்தான் இழப்பீடு என்றார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதவன், அதற்குப் பிறகு எந்த மனுவும் எழுதவில்லை. இப்போது பாவாயி மறுபடியும் மாசமாக இருந்தாள். மழைக்கு இருபது நாள்தான் இருந்தது.

"மண்ணை நம்புனது போதுமுங்க. தண்ணி வந்தா நவுந்து போற மாதிரி ஒரு வீடு வேணும். இந்தத் தடவை குட்டி நனையக் கூடாது" என்றாள் பாவாயி.

கேட்ட மாதிரியே ஒரு வீடு விலைக்கு வந்தது. காட்டோரத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் நரி நாச்சிமுத்து, ஒரு சின்ன லாரியின் முதுகில் பலகையால் செய்த வீட்டையே ஏற்றி வைத்திருந்தான். படுக்கக் கட்டில், சமைக்க அடுப்பு, கை கழுவக் குழாய், எட்டிப் பார்க்க ஜன்னல். விலை, சென்னியப்பன் மூன்று வருஷமாகக் குழி நிறையச் சேர்த்து வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கு அத்தனையும்.

அந்தக் காட்டில் பழைய வண்டி பார்க்க யாரும் தனியாகப் போகக் கூடாது. பெண் பார்க்கப் போகிற மாதிரி ஒரு பட்டாளமே கிளம்பும். போகிற ஒவ்வொருவரும் டயரை ஓர் உதை உதைத்தாக வேண்டும். எதற்கு உதைக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. உதைக்காமல் வந்தால் விவரம் தெரியாதவன் என்று பேராகிவிடும், அதனால் உதைப்பார்கள். உடும்பு உதைத்தது. கீரி நாலு டயரையும் உதைத்துவிட்டு, "நல்ல கட்டுமானம்" என்றது. மயில் மட்டும் காலை அழுக்காக்கிக்கொள்ளாமல் வண்டி நம்பரைக் கூட்டிப் பார்த்து, "ஆறு வருது. கண்ணை மூடிட்டு எடுக்கலாம்" என்றது.

சென்னியப்பன் கண்ணை மூடுகிற ஆள் இல்லை. அதற்காகவே மரங்கொத்தி அர்த்தநாரியைக் கையோடு கூட்டி வந்திருந்தான். பலகையைத் தட்டியே உள்ளே உளுத்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான் அர்த்தநாரி. பொய் சொல்லத் தெரியாதவன். அதனாலேயே கல்யாண வீடுகளுக்கு அவனை யாரும் அழைப்பதில்லை.

எல்லோரும் உள்ளே ஏறினார்கள். மூச்சு முட்டியது.

"என்னங்க இத்தனை சாம்பிராணி?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"வெள்ளிக்கிழமைங்களே" என்றான் நாச்சிமுத்து.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ஆனாலும் ஒருத்தருடைய பக்தியில் போய் யார் கேள்வி கேட்பது?

பாவாயி அண்ணாந்து பார்த்தாள். அடுப்புக்கு நேர் மேலே, கூரையில், ஒரு முருகன் காலண்டர் ஆணியடித்து மாட்டியிருந்தது.

"கூரையில யாராச்சும் காலண்டர் மாட்டுவாங்களா?"

"படுத்துக்கிட்டே தேதி பாக்கலாமுங்க, அம்மிணி."

"நாலு வருஷத்துக்கு முந்தின காலண்டருங்க இது."

"முருகன் அதே முருகன்தானுங்களே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான் நாச்சிமுத்து.

அர்த்தநாரி அலகைத் தீட்டிக்கொண்டு மேலே பறக்கப் போனான். நரி அவசரமாகக் குறுக்கே வந்தான். "ஒரு நிமிசமுங்க. சட்டமுன்னு ஒண்ணு இருக்குதுல்ல?" என்று ஒரு படிவத்தை நீட்டினான். "சும்மா, பாத்தோமுன்னு ஒரு கையெழுத்து. எல்லாரும் போடறதுதான்."

எல்லாரும் போடுவது என்றால் நம் ஆட்கள் படிக்க மாட்டார்கள். பேனா இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் சென்னியப்பனுக்கு வழியில்லை, முதுகு நிறையப் பேனா. முள் ஒன்றைப் பிடுங்கி, அத்திப்பழச் சாற்றில் தொட்டுக் கையெழுத்துப் போட்டான்.

அர்த்தநாரி காலண்டரை விலக்கிவிட்டு ஒரு கொத்துக் கொத்தினான். 'டொக்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று கேட்டது. அலகு கூரையைத் தாண்டி வெளியே போய், அந்தப் பக்கம் வெயிலில் நின்றது. இன்னொரு இடத்தில் கொத்தினான், அங்கேயும் பொத். ஜன்னல் ஓரம், கட்டில் தலைமாடு, குழாய்க்குப் பின்னால் என்று ஏழு இடத்தில் கொத்தினான். ஏழு ஓட்டை.

"மாப்ளே, மழைத் தண்ணி எறங்கிக் கூரை பூராவும் உளுத்துக் கெடக்குது. மேல பூசுன பெயிண்டுதான் தாங்கிப் பிடிச்சிருக்குது. மொதச் சொட்டு உங்க அடுப்புலதான் விழும்."

சென்னியப்பனுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கடவுளே, தப்பித்தோம் என்று பாவாயியைப் பார்த்தான். "அப்ப நாங்க வாறோமுங்க" என்று நரியிடம் கும்பிடு போட்டான்.

பள்ளிக்கூடப் புத்தகத்துக் கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். எதையும் ஆராய்ந்து செய்ய வேண்டும் என்று எழுதி, கீழே நாலு கேள்வியும் கொடுத்திருப்பார்கள்.

"ஐயோ, எம் பொழப்பு போச்சே!" என்று நரி தரையில் விழுந்து புரண்டான். "முழுசா நின்ன வீட்டைச் சல்லடையாக்கிட்டுப் போறாங்களே! கேக்க நாதியில்லையா?"

நாதி உடனே வந்தது. காட்டுத் தலைவர் காட்டெருமை அங்கேயே மரத்தடியில் பஞ்சாயத்தைக் கூட்டினார். மெதுவாக அசைபோட்டபடி அர்த்தநாரியைக் கேட்டார்.

"அந்த ஓட்டையெல்லாம் யாரு போட்டது?"

"நான்தானுங்க. ஆனா, பலகை ஏற்கெனவே..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. நீ கொத்தறதுக்கு முன்னாடி ஓட்டை இருந்துச்சா?"

"இல்லீங்க."

"கொத்துனதுக்கு அப்புறம்?"

"இருந்துச்சுங்க."

கூட்டம் 'அடடா' என்றது. இவ்வளவு நுட்பமான விசாரணையை அந்தக் காடு அதற்கு முன் பார்த்ததில்லை.

பாவாயிக்குப் பொறுக்கவில்லை. "உளுத்ததை மறைக்கத்தானுங்க காலண்டரே மாட்டியிருந்தாங்க!"

"சாமி படம் மாட்டறது குத்தமுன்னு எந்தச் சட்டத்துலம்மா இருக்குது?" என்றார் தலைவர். பிறகு படிவத்தை வாங்கிப் படித்தார். பார்க்கும்போது ஏற்படும் சேதத்துக்குப் பார்ப்பவரே பொறுப்பு, சேதமான பொருளை அவரே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது. "கையெழுத்து உன்னோடதா?"

"என்னோடதுதானுங்க" என்றான் சென்னியப்பன்.

"முள்ளும் உன்னோடதா?"

"அதுவும் என்னோடதுதானுங்க."

"அப்பறம் என்னய்யா?" என்று எழுந்துவிட்டார் தலைவர்.

கிழங்கு முழுவதும் நரியிடம் போயிற்று. அர்த்தநாரி உண்மையாகவே வருத்தப்பட்டான். வருத்தப்பட்டுவிட்டு, கொத்துக் கூலியாக ஒரு குடுவை கரையான் கேட்டு வாங்கிக்கொண்டான். அடுத்த வாரமே நாச்சிமுத்து அவனைத் தன் கடையில் நிரந்தரமாக வேலைக்கு வைத்துக்கொண்டு, வாசலில் 'இலவசப் பரிசோதனை' என்று பலகை மாட்டினான்.

மழை வந்தது. நகரும் வீடு நகரவில்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை, எல்லோருக்கும் டயரை உதைக்கவே நேரம் சரியாக இருந்தது. அர்த்தநாரி சொன்னபடி முதல் சொட்டு அடுப்பில் விழுந்தது. அவன் சொல் எப்போதும் தப்பாது. மூன்றாம் நாள் கட்டிலில் தவளைகள் குடியேறின.

லாரிக்கு அடியில், இரும்புச் சட்டத்துக்குக் கீழே, ஒரு முழ இடம் மட்டும் காய்ந்திருந்தது. பாவாயி அங்கேதான் பெற்றாள். ஒரே ஒரு குட்டி. சென்னியப்பன் ஓடிவரும் தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து, அது குட்டிமேல் படாமல் ஒன்பது நாள் அணையாகக் கிடந்தான். குட்டி பிழைத்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே, அடுத்த மழையை நினைத்தால் குலை நடுங்கியது. குழியில் ஒரு கிழங்கு இல்லை.

தை பிறந்ததும் சென்னியப்பன் வீட்டு லாரிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தான். ஏழு ஓட்டைக்கும் ஏழு காலண்டர் வாங்கினான். சாம்பிராணி போட்டான்.

பார்க்க வந்தவர்கள் ஒரு முயல் தம்பதி. அவள் நிறைமாசம். வந்ததும் முயல் டயரை உதைத்தான், பிறகு கூச்சத்தோடு கேட்டான்.

"அண்ணா, மழைக்கு ஒழுகாதுங்களே? போன மழையில எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாப் போச்சுங்க."

சென்னியப்பன் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தான். பிறகு லாரிக்கு அடியில் பாவாயி மடியில் தூங்கும் குட்டியைப் பார்த்தான். நெஞ்சை அடைத்தது உண்மைதான். அது ஒரு நிமிஷத்தில் சரியாகிவிட்டது.

"நான் சொல்லி நீங்க நம்பக் கூடாதுங்க, தம்பி. நல்ல மரங்கொத்தி ஒருத்தன் இருக்கறான், பொய்யே பேச மாட்டான். வரச் சொல்லட்டுங்களா?" என்று படிவத்தை நீட்டினான். "சும்மா, பாத்தோமுன்னு ஒரு கையெழுத்து."

"இவ்வளவு நல்லவங்களா இருக்கறீங்களே!" என்று முயல் கண்கலங்கினான். பிறகு உடம்பெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "பேனா இல்லீங்களே, அண்ணா" என்றான்.

சென்னியப்பன் முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தான்.

நீதி: ஓட்டையைக் கண்டுபிடித்தவனே ஓட்டைக்குச் சொந்தக்காரன். ஆகவே குழந்தைகளே, வாங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விற்கும்போது ஒரு நல்ல மரங்கொத்தியை நீங்களே ஏற்பாடு செய்துகொடுங்கள்.