தையல்காரரின் வலது கண்

ஊசியில் நூல் நுழைய மறுத்தது. தையல்காரர் நூலை எச்சில் தொட்டு முறுக்கினார், ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஊசியின் காது மங்கலாகத் தெரிந்தது. வலது கண்ணைக் கசக்கினார். ஊசியே மங்கிப் போனது.

"அண்ணே, இப்படித் திரும்புங்க," என்றாள் கடையில் காஜா போடும் பெண். திரும்பினார். அவள் கையிலிருந்த சட்டை கீழே விழுந்தது.

"ஐயய்யோ! ஒரு கண்ணுல கருமணி கடுகு சைஸு. இன்னொண்ணுல கோட்டு பட்டன் சைஸு! பக்கவாதமா இருக்கும்ணே!"

கண்ணாடியில் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மகளுக்கு அன்று மாலை கண் பரிசோதனை. அதற்காகக் கருமணியை விரிக்கும் களிம்பை மூன்று நாள் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். முதல் நாள் மனைவி போட்ட அழகை இவர் அசந்துபோய்ப் பார்த்தார். துள்ளும் பிள்ளையை மடியில் சாய்த்து, கீழ் இமையை இழுத்து, அரை அரிசி அளவு வைத்து, வழிந்ததைத் துடைத்து, இருவர் கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, ட்யூபை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். என்ன கை அது!

இன்று காலை, "நீங்க போடுங்க," என்று அவரிடம் கொடுத்துவிட்டாள். நன்றாகத்தான் போட்டார். கையை மட்டும் கழுவாமல் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார். வழியில் கண் அரித்தது.

பக்கவாதத்தைவிட மனைவிக்குத்தான் அவர் அதிகம் பயந்தார். ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மதியம் அவள் வெளியே போன நேரம் பார்த்து வீட்டுக்குப் போய், அலமாரிச் சாவியைத் தேடி எடுத்துத் திறந்து, இடது கண்ணிலும் களிம்பைப் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை கையை மறக்காமல் கழுவினார்.

தெருவுக்கு வந்தால் வெயில் கண்ணில் குத்தியது. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பி, அன்று கொடுக்க வேண்டிய கோட்டைத் தடவித் தடவித் தைத்து முடித்தார். அதை வாங்க வந்த தலைமையாசிரியர் போட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன்ப்பா, எனக்கு ரெண்டுமே இடது கையா?"

காஜாக்காரிதான் அவரைக் கையைப் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். உள்ளே மனைவியும் மகளும் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவ்வளவு நேர்த்தியா மருந்து போட்டிருக்கே, யாரும்மா போட்டது?" என்றார் டாக்டர்.

"இன்னிக்கு அவருதான் டாக்டர்."

தையல்காரர் பெருமையில் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். மருந்தில்லாமலே டாக்டரின் கண் விரிந்தது. இனி மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

"ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்த மருந்த இன்னொருத்தர் போடலாமாய்யா? இது தெளிய ரெண்டு வாரம்கூட ஆகலாம். அதுவரைக்கும் வண்டியும் வேணாம், ஊசியும் வேணாம். கண்ணு வலிச்சா, சிவந்தா உடனே ஓடி வந்துடணும்."

தையல்காரர் மனைவி பக்கம் திரும்பினார். மங்கலாகத்தான் தெரிந்தாள்.

"தப்புதான்மா. உன் கவனம் எனக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது."

மனைவி முகத்தைத் திருப்பிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள்.

"டாக்டர், அம்மாவுக்கும் நேத்து மருந்து போட்டதிலேர்ந்து ஒரு கண்ணு பெருசாத்தான் இருக்கு. அதனாலதான் இன்னிக்கு அப்பாவைப் போடச் சொன்னாங்க."