உட்காரச் சொல்ல ஆளில்லை

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அடுத்த அறையில் இருக்கும் உங்கள் தங்கையின் காதில் விழும். அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சனிக்கிழமை கச்சேரியிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

பாட்டுக்கும் எனக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது என்பது உங்களுக்கே தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லியே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து பாடத் தன்னார்வப் பாடகர்கள் தேவை என்று விளம்பரம் பார்த்துக் குரல் தேர்வுக்குப் போனது அவள்தான். நான் அவளுடைய குடையையும் கைப்பையையும் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். கதவைத் திறந்த பாட்டு டீச்சர் என்னைப் பார்த்ததும், "ஆம்பளைக் குரலா? உள்ள வாங்க, உள்ள வாங்க!" என்று குடையோடு சேர்த்து இழுத்துப் போய்விட்டார். ஆண்களுக்கு அவ்வளவு பஞ்சம் மச்சான். பாடத் தெரியுமா என்று கேட்கக்கூட அந்த அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை.

அந்த இசைக்கு நாலு பகுதி, பாட்டு கடைசிப் பகுதியில்தான் வருகிறது. அதுவரை நாங்கள் நூறு பேரும் மேடையின் பின்பக்கம், வாத்தியக்காரர்களுக்கு மேலே, பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு ஒரே சமயத்தில் எழ வேண்டும். ஒத்திகையில் ஆளுக்கொரு நேரத்தில் எழுந்ததால் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். "முன்வரிசை ஓரத்துல இருக்கிறவரை மட்டும் பாருங்க. அவர் எழுந்தா எழுந்திருங்க. யோசிக்காதீங்க." அந்த ஓரத்து ஆள் நான். நான் வெறுமனே வாயசைக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும், ஏதாவது வேலை கொடுப்போமே என்று கொடுத்திருப்பார். எனக்கோ தலைகால் புரியவில்லை. வீட்டில் சாப்பாட்டு நாற்காலியிலிருந்து சத்தமில்லாமல் எழுந்து எழுந்து பழகினேன். "பாட்டையும் கொஞ்சம் பழகலாம்" என்றாள் உங்கள் தங்கை. அவள் பழகினாள். பழகியதால் நூறு பேரில் அவளுக்கு மட்டும் கடைசியில் நாலு வரி தனியாகப் பாடக் கொடுத்தார்கள். பிள்ளைகளை ஆளாக்கி, என்னையும் சகித்துக்கொண்டு, இந்த வயதில் அவளுக்கென்று கிடைத்த நாலு வரி மச்சான். அதைத்தான் நான் கெடுத்தேன்.

சனிக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. மூன்றாவது பகுதியில் வயலின்கள் மட்டும் தாலாட்டுகிற மாதிரி மெல்ல இழைந்துகொண்டிருந்தன, ஒருவரும் இருமக்கூட இல்லை, அந்த நேரம் பார்த்து என் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. ஆயுள் முழுக்கக் கடையில் நின்றே பழகிய கால், உட்கார வைத்தால் அதற்குப் பிடிக்குமா? பல்லைக் கடித்தேன், தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன், கால் என்னைக் கேட்காமல் விறைத்து நீண்டது, நான் எழுந்துவிட்டேன். பின்னால் தடதடவென்று ஒரு சத்தம். யோசிக்காதீங்க என்றாரே, ஒருவர்கூட யோசிக்கவில்லை. நூறு பேரும் எழுந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். பின்வரிசையில் பாடும் தபால்காரர் ஒருவர் ஒரு படி மேலே போய் முதல் சொல்லைப் பாடியே விட்டார். இசை நடத்துநர் முகத்தில் ஈயாடவில்லை, கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் பதறி உட்கார்ந்தேன். மற்ற யாரும் உட்காரவில்லை. எழுவதற்குத்தான் என்னைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், உட்காருவதற்கு யாரைப் பார்ப்பது என்று சொல்லவே இல்லையே! ஊரே நிற்க நான் மட்டும் உட்கார்ந்திருப்பது கேவலமாக இருந்ததால் திரும்பவும் எழுந்தேன். அதில் பாதிப் பேர் குழம்பி உட்கார்ந்து, மீதிப் பேரைப் பார்த்துவிட்டு மறுபடி எழுந்தார்கள். அந்தப் பகுதி முடியும்வரை அப்படியே திருதிருவென்று நின்றோம்.

கடைசியில் உங்கள் தங்கை பாடினாள். மூன்று வரி பாடும்வரை, இவளா நம் வீட்டில் இருக்கிறாள் என்று வாயசைக்கக்கூட மறந்து கேட்டேன். நாலாவது வரியின் உச்சியில் குரல் கரகரத்து உடைந்தது. அவ்வளவு நேரம் நிற்க வைத்தால் உடையாமல் என்ன செய்யும்? கைதட்டல் முடிவதற்குள் காரில் போய்ப் பதுங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் மயான அமைதி. "நாலு திட்டாவது திட்டேன்" என்று கெஞ்சினால் உதட்டில் விரலை வைத்துக் காட்டுகிறாள், நான் பேசவே கூடாதாம். வெந்நீரை மட்டும் குடித்துக்கொண்டிருக்கிறாள், கோபத்தில் சோறு இறங்கவில்லை போலிருக்கிறது. நேற்று நீங்கள் போன் செய்தபோது எடுத்துப் பார்த்துவிட்டு என் கையில் திணித்தாளே, அது என்னைப் பார்த்துக் கட்டிவைத்த உங்கள் மேலுள்ள கோபம். தைலப் புட்டியை என் எதிரில் டக்கென்று வைத்து என் காலைக் குத்திக் காட்டுகிறாள். கொஞ்சம் வாயை மூடேன் என்று எத்தனை தடவை அவளிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது அவள் குரல் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை.

வரும் சனிக்கிழமை இரண்டாவது கச்சேரி. தயவுசெய்து நீங்கள் வர வேண்டாம். நான் விலகிக்கொள்கிறேன் என்று டீச்சரிடம் சொல்லப் போகிறேன். நீங்கள் அண்ணன் என்ற முறையில் அவளிடம் எனக்காக ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, முக்கியமாகக் கால்கள் சொன்னபடி கேட்க, நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
நின்றும் கெட்டு உட்கார்ந்தும் கெட்ட
உங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்ட எடுத்துப்போனவள் கடிதத்தைப் படித்துவிட்டாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினாள்: "குரல் கட்டியிருக்கு. ரெண்டாவது கச்சேரி வரைக்கும் வாயே திறக்கக் கூடாதுன்னு டீச்சர் எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நீங்க கார்ல ஒளிஞ்சிருந்தீங்க. தைலம் காலுக்குத் தேய்க்க." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப எம்மேல கோபமே இல்லையா?" என்று கேட்டேன். சீட்டை வாங்கி, நிதானமாக யோசித்து, கீழே எழுதினாள்: "கச்சேரி முடியட்டும்." மச்சான், நீங்கள் கட்டாயம் வர வேண்டும். முன்வரிசையில் இடம் சொல்லி வைக்கிறேன். கச்சேரி முடிந்ததும் எங்களோடு வீட்டுக்கு வந்து நாலு நாளாவது தங்கிவிட்டுத்தான் போக வேண்டும்.